மகளுக்குத் 'தாரா' என்று பெயர் வைக்க இருக்கிறோம்: இந்தப் பெயருக்கு என்னதான் பொருள்?

வானவில்_மதுரை

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். கணவருக்கு டப்ளினில் வேலை என்பதால் பிரசவமும் இங்கேயே ஆயிற்று. தை மாதம் மதுரைக்கு வந்து பெயர் சூட்டுவதாக இருக்கிறோம். எங்கள் இருவருக்கும் பிடித்த பெயர் 'தாரா'. சிறிய பெயர், நாளை இங்கே பள்ளியில் கூப்பிடுவதற்கும் எளிது என்று நினைத்தோம்.

பெயரை வெளியே சொன்னதிலிருந்து ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள். அத்தைக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. "குருவின் மனைவியாக இருந்து சந்திரனோடு போனவள் பெயரையா பேத்திக்கு வைப்பது?" என்கிறார். என் அப்பாவுக்கு நினைவு வருவது வாலியின் மனைவி. கணவனை இழந்தவள் பெயர் ஆயிற்றே என்று தயங்குகிறார். பக்கத்து வீட்டு ஐரிஷ் அம்மையாரோ, "எங்கள் பழைய மன்னர்கள் அமர்ந்த குன்றின் பெயர்" என்று பூரித்துப்போனார். யாழ்ப்பாணத்துத் தோழி, தாரா என்றால் வாத்து என்கிறாள்.

இதில் எது உண்மையான பொருள்? ஒன்றை உறுதியாகத் தெரிந்துகொண்டு அத்தையிடம் பேச வேண்டும். விவரம் அறிந்தவர்கள் உதவுங்கள்.

சொல்வேர்

வாழ்த்துகள் சகோதரி. மொழியியல் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வடமொழியில் 'தாரா' என்றால் விண்மீன். பாரசீகத்தின் 'சிதாரா', கிரேக்கத்தின் 'அஸ்தேர்', ஆங்கிலத்தின் 'ஸ்டார்' எல்லாம் இதே குடும்பத்துச் சொற்கள். தமிழில் நாம் வழங்கும் தாரகையும் இதிலிருந்து வந்ததுதான். கூடவே இன்னொரு பொருளும் உண்டு. கடத்தல், கரையேற்றல் என்று பொருள்படும் வினையடி ஒன்றிலிருந்தும் இப்பெயருக்கு விளக்கம் சொல்வார்கள்: கரையேற்றுபவள் தாரா. ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறையான தீர்த்தம், சமணர்களின் தீர்த்தங்கரர், இறங்கி வருதலாகிய அவதாரம், காசியில் இறப்பவர் காதில் சிவபெருமான் ஓதுவதாகச் சொல்லும் தாரக மந்திரம் எல்லாம் அந்த அடியில் பிறந்தவை.

தமிழர்களாகிய நமக்கு இந்தப் பெயரில் கூடுதல் குழப்பம் வரக் காரணம் நம் எழுத்து. வடமொழியின் நான்கு வகைத் தகரத்துக்கும் நம்மிடம் ஒரே 'த'. அதனால் விண்மீனாகிய தாராவும், நீர்ப்பெருக்கைக் குறிக்கும் தாராவும் (தாரை வார்த்தலில் இருப்பது அதுதான்), மனைவியைக் குறிக்கும் தாரமும், ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷுகோவின் பெயரில் உள்ள பாரசீகச் சொல்லும் தமிழில் எழுதினால் அண்ணன் தம்பிபோலத் தோன்றும். மூலத்தில் நான்கும் வெவ்வேறு சொற்கள். இழையில் இனி யார் எந்தத் தாராவைச் சொன்னாலும் முதலில் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மட்டுநகர்க்_கடலோடி

தோழி சொன்னது சரி. இலங்கைத் தமிழில் தாரா என்பதுதான் வாத்துக்குப் புழக்கத்தில் உள்ள பெயர். சந்தையிலும் வீட்டிலும் தாரா முட்டை என்றுதான் சொல்வோம். மலையாளிகளும் வல்லின றகரம் போட்டு இதையொட்டிய சொல்லையே வழங்குகிறார்கள். ஈழத்துப் பிள்ளைகளோடு உங்கள் மகள் படித்தால் சில நாள் கேலி இருக்கும். அதற்காகப் பெயரைக் கைவிட வேண்டியதில்லை.

ஆனால் எங்கள் கரைக்கும் தாராவுக்கும் வாத்தை விடப் பெரிய தொடர்பு ஒன்று உண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரைப்பகுதியில் கண்டெடுக்கப்பட்ட ஒரு வெண்கலச் சிலை இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.பி. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உயரம் 143 சென்டிமீட்டர். உள்ளே பொள்ளல் இல்லாமல் முழு வார்ப்பாக வார்த்துத் தங்க முலாம் பூசியிருக்கிறார்கள். கண்டி இராச்சியம் 1815-இல் வீழ்ந்தபோது ஆளுநராக இருந்த ராபர்ட் பிரவுன்ரிக் வழியாக அது இங்கிலாந்து போனது; 1830-இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்பட்டது. அது மகாயான பௌத்தத்தின் தாரா தேவி.

லண்டனில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போனபோது அதன் முன்னால் நெடுநேரம் நின்றேன். வலக்கை கீழ்நோக்கி விரிந்து வரம் தருகிறது. இடக்கையில் ஏதோ இருந்திருக்க வேண்டும், இப்போது இல்லை. உயர்ந்த முடியின் நடுவில் ஒரு குழி. அங்கே ஒரு மணிக்கல் பதித்திருப்பார்கள். இடுப்புக்கு மேலே ஆடை இல்லை, கீழே மெல்லிய துகில் உடலோடு ஒட்டியிருக்கிறது. முகத்தில் இருக்கும் அமைதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இந்தத் தெய்வத் திருமேனியைக் காமம் தூண்டும் உருவம் என்று கருதி முப்பது ஆண்டுக் காலம் பொதுமக்கள் பார்வையில் படாமல் உள்ளே வைத்திருந்தார்கள் என்பதை அறிந்தபோது நெஞ்சு கொதித்தது.

எங்கள் பகுதியில் இன்று தாராவை வணங்குவோர் இல்லை. அவள் பெயர்கூட யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஒரு தமிழ்க் குழந்தைக்கு அந்தப் பெயர் வைக்கிறார்கள் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தமிழாசான்

அம்மா, உங்கள் தந்தையாரின் தயக்கத்துக்கு நான் பதில் சொல்கிறேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் கம்பனைப் பாடம் சொன்னவன்.

கம்பன் அவளைத் தாரை என்பான். சுக்கிரீவன் அறைகூவ, வாலி சீறி எழுகிறான். அந்த வேகத்தில் அவன் எதிரே போய் நின்று தடுக்கத் துணிந்தவள் அவள் ஒருத்திதான். "தாரை என்று அமிழ்தின் தோன்றிய வேயிடைத் தோளினாள், இடை விலக்கினாள்" என்கிறான் கம்பன். பாற்கடல் கடைந்தபோது அமுதத்தோடு தோன்றியவள் என்பது கருத்து. சுக்கிரீவனுக்குத் துணையாக இராமன் வந்திருக்கிறான், உன் உயிருக்கு ஆபத்து என்று தெளிவாக எச்சரிக்கிறாள். வாலி கேட்கவில்லை. தம்பிக்கு அரசையே கொடுத்தவன், எங்கள் இருவர் சண்டைக்கு நடுவே அம்பு தொடுப்பானா என்று அவளையே கடிந்துகொள்கிறான். நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காண்டத்தில் வரப்போவதை முன்கூட்டிச் சரியாகச் சொன்னவள் தாரை.

பிறகு கிட்கிந்தைப் படலம். கார்காலம் முடிந்தும் சுக்கிரீவன் சொன்ன சொல்லை மறந்து மதுவில் மூழ்கிக் கிடக்க, இலக்குவன் வில்லோடு வருகிறான். வானரங்கள் நடுங்குகின்றன. அனுமன் யோசனைப்படி தாரை பெண்களோடு வந்து வழிமறித்து நிற்கிறாள். "மங்கல அணியை நீக்கி, மணி அணி துறந்து" நிற்கும் அவளைப் பார்த்ததும், அயோத்தியில் இதே கோலத்தில் இருக்கும் தன் தாயரை எண்ணி இலக்குவன் கண் கலங்குகிறான். ஓர் ஊரை எரிக்க வந்தவனின் கோபம் அடங்கியது அவள் முன்னால். கணவனை இழந்தவள் என்று உங்கள் தந்தை எதை நினைத்துத் தயங்குகிறாரோ, அந்தக் கோலத்தைத்தான் கம்பன் இவ்வளவு உயரத்தில் வைத்தான். அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

கூடல்_நங்கை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கம்பன் பாட்டின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் வான்மீகியின் தாராவை இந்த இடத்தில் விட்டுவிட்டீர்களே.

வான்மீகியில் அவள் சுஷேணனின் மகள். உயிர் பிரியும் தறுவாயில் வாலி சுக்கிரீவனிடம், நுணுக்கமான காரியங்களில் முடிவெடுப்பதிலும் வரப்போகும் அபாயங்களை அறிவதிலும் இவள் தேர்ந்தவள், இவள் நன்று என்று சொல்வதை ஐயமின்றிச் செய் என்கிறான். தன் மனைவியின் அரசியல் அறிவுக்கு ஒரு மன்னன் கொடுத்த சான்று அது. அதன்பின் அவள் சுக்கிரீவனோடு வாழ்கிறாள். இலக்குவனோடு நேருக்கு நேர் வாதாடி அவனைத் தணிக்கிறாள். கம்பன் அவளுக்கு விதவைக் கோலம் கொடுத்து நம் ஊர் வழக்கத்துக்குள் கொண்டுவந்துவிட்டான். இலக்குவன் தணிந்தது அங்கே அவள் வாதத்தால். இங்கே அவள் கோலத்தால். ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் வைப்பவருக்கு எந்தத் தாரா வேண்டும் என்று கேட்டால் நான் வான்மீகியின் தாராவைத்தான் சொல்வேன்.

தமிழாசான்

நீங்கள் சொல்வது நியாயமான வாசிப்பு. ஆனால் கம்பனிலும் அவள் வாய்மூடி நிற்கவில்லை. முதலில் பேச்சைத் தொடங்குபவளே அவள்தான். சுக்கிரீவன் மறந்துவிடவில்லை, படை திரட்டத் தூதர் போயிருக்கிறார்கள் என்று காரணம் காட்டிப் பேசுகிறாள். கோலம் இலக்குவனை நிறுத்தியது. அவளுடைய சொல் அவனைத் திருப்பியது. இரண்டு பெரும் புலவர்களும் அவள் அறிவை மதித்தார்கள் என்ற அளவில் நாம் ஒத்துப்போவோம்.

ஐந்து கன்னியரை நாள்தோறும் நினைத்தால் பெரும்பாவம் தீரும் என்று வடமொழிச் சுலோகம் ஒன்று உண்டு: அகலிகை, திரௌபதி, சீதை, தாரை, மண்டோதரி. சிலர் சீதைக்குப் பதில் குந்தியைச் சொல்வார்கள். தாரையை யாரும் மாற்றியதில்லை. காலையில் பாட்டிமார் சொல்லும் பெயரைக் குழந்தைக்கு வைக்கக் கூடாது என்பது எனக்கு விளங்கவில்லை.

பஞ்சாங்கப்_பிரியன்

ஒரு சிறு குறிப்பு. முகூர்த்தம் பார்க்கும்போது தாராபலம் பார்ப்பார்கள் அல்லவா, அந்தத் தாராவும் விண்மீன்தான். ஜன்ம நட்சத்திரத்திலிருந்து எண்ணி ஒன்பது ஒன்பதாக மூன்று சுற்று. அத்தை நல்ல நாள் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைத்தான் எண்ணிப் பார்க்கிறார்.

வானவில்_மதுரை

ஆசிரியர் ஐயா, கூடல் நங்கை அக்கா, மிக்க நன்றி. அப்பாவுக்கு இது போதும். ஆனால் அத்தையின் மறுப்பு வாலியைப் பற்றியது இல்லையே. பிரகஸ்பதியின் மனைவி கதைக்கு என்ன சொல்வது?

கூடல்_நங்கை

அந்தக் கதையை முழுவதுமாகச் சொல்லச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்துவதால்தான் கெட்ட பெயர்.

சந்திரன் தாராவைக் கொண்டுபோகிறான். திருப்பித் தர மறுக்கிறான். தேவரும் அசுரரும் இரண்டு பக்கமாகப் பிரிந்து பெரும்போர் மூள்கிறது. அவள் பெயராலேயே அதைத் தாரகாமயப் போர் என்பார்கள். பிரமன் நடுவில் புகுந்து அவளைப் பிரகஸ்பதியிடம் சேர்க்கிறான். அப்போது அவள் கருவுற்றிருக்கிறாள். பிறந்த குழந்தை பேரழகாக இருப்பதைக் கண்டு இருவருமே தன் மகன் என்று உரிமை கொண்டாடுகிறார்கள். தாய் சொல்லட்டும் என்கிறார்கள். சபை நடுவே அவள் உண்மையைச் சொல்கிறாள்: சந்திரனின் மகன். அந்தக் குழந்தைதான் புதன். புதனின் மகன் புரூரவன். அவன் வழியில் வந்தது சந்திர குலம், பாண்டவரும் கௌரவரும் பிறந்த குலம். நம் பாண்டியர்களும் தங்களைச் சந்திர குலத்தவர் என்றே சொல்லிக்கொண்டார்கள். மதுரையில் இருந்துகொண்டு அந்தக் குலத்துக்கு மூலமான தாயின் பெயரை ஆகாது என்று எப்படிச் சொல்வது? அத்தை திருவெண்காட்டில் புதனுக்கு விளக்கேற்றியிருப்பார். அவன் அம்மாவின் பெயர் தாரா.

கொண்டுபோனவனை இன்றும் மூன்றாம் பிறையில் கைகூப்பி வணங்குகிறோம். பழியை மட்டும் அவள் தலையில் வைப்பது எந்த நியாயமும் இல்லாதது.

வங்கக்கரை

கொல்கத்தாவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே வந்து தாரா என்ற பெயர் ஆகாது என்று சொன்னால் யாருக்கும் புரியாது. "தாரா மா" என்று அழைத்துத்தான் பலர் பொழுதைத் தொடங்குகிறார்கள்.

சக்தி வழிபாடாகிய சாக்தத்தில், மகாவித்தைகள் எனப்படும் தேவியின் பத்து வடிவங்களில் காளிக்கு அடுத்தவள் தாரா. வீர்பூம் மாவட்டத்தில் தாராபீடம் என்ற ஊர் இருக்கிறது. கோயிலை ஒட்டியே சுடுகாடு. 19-ஆம் நூற்றாண்டில் அந்தச் சுடுகாட்டிலேயே வாழ்ந்த பாமாகேபா என்ற சாதுவின் நினைவு இன்றும் ஊரெங்கும் நிறைந்திருக்கிறது. நாம் சன்னதியில் பார்ப்பது வெள்ளி முகமும் பெரிய கண்களும் செந்நிற நாக்கும் கொண்ட உருவம், மாலைகளில் மூழ்கியிருக்கும். அது மேல்கவசம். அதை எடுத்தால் உள்ளே ஒரு பழைய கல். ஆலகால நஞ்சு குடித்த எரிச்சலில் துடித்த சிவனை மடியில் போட்டுத் தாரா பாலூட்டியதாகக் கதை. கல்லில் இருப்பது அந்தக் காட்சி என்கிறார்கள். நம் ஊரில் நஞ்சு கழுத்தோடு நின்றது என்று சொல்லி நிறுத்திவிடுவோம். இங்கே சிவனே குழந்தை, தாரா தாய்.

திபெத்தியர்களின் தாராவும் இவளும் நெருங்கிய உறவு. எது முந்தியது என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பௌத்தத்திலிருந்து சாக்தத்துக்கு வந்தாள் என்பது பலர் கருத்து.

மட்டுநகர்க்_கடலோடி

திபெத்தியரின் தாராவைப் பற்றி ஒரு கதையை இங்கே எழுதியே ஆக வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாராநாதர் என்ற திபெத்திய அறிஞர் எழுதிவைத்தது. (அவர் பெயரிலேயே தாரா இருக்கிறாள்.)

முன்னொரு யுகத்தில் ஞானசந்திரா என்று ஓர் இளவரசி. தவத்தில் மிகவும் முன்னேறியவள். பிக்குகள் அவளிடம், இந்தப் புண்ணியத்தை வைத்து அடுத்த பிறவியில் ஆணாகப் பிறக்க வேண்டிக்கொள், அப்போது நிறைநிலை அடைவாய் என்று அறிவுரை சொல்கிறார்கள். அவள் மறுக்கிறாள். ஆண் உடலோடு ஞானம் தேடுவோர் பலர் இருக்கிறார்கள், பெண் உடலோடு உயிர்களுக்காக உழைப்போர் சிலரே, ஆகவே இவ்வுலகம் வெறுமையாகும் வரை பெண்ணாகவே பிறந்து இந்த வேலையைச் செய்வேன் என்கிறாள். அவளே தாரா. கருணையின் போதிசத்துவரான அவலோகிதரின் கண்ணீரில் பிறந்தவள் என்ற கதையும் உண்டு. ஆனால் என் மனம் இந்த இளவரசி கதையிலேயே நிற்கிறது.

சிங்கம், யானை, தீ, பாம்பு, திருடர், விலங்கு பூட்டிய சிறை, வெள்ளம், பேய் என்று எட்டு அச்சங்களிலிருந்து காப்பவள் என்று பௌத்தர்கள் சொல்வார்கள். பட்டியலைப் பாருங்கள்: பெரும்பாலும் காட்டிலும் கடலிலும் பயணம் போகிறவனுக்கு வரும் அச்சங்கள். அதனால் வணிகரும் மாலுமிகளும் அவளைப் பற்றிக்கொண்டார்கள். கரையேற்றுபவள் என்று சொல்வேர் சொன்ன பொருள் அவர்களுக்கு வெறும் தத்துவமாக இருந்திருக்காது.

சாவகத்_தென்றல்

அதற்கு ஒரு சான்று இங்கே ஜாவாவில் இருக்கிறது. யோக்யகர்த்தாவிலிருந்து பிரம்பனான் போகும் சாலையோரத்திலேயே கலசன் என்ற கோயில். கி.பி. 778 என்று தெளிவாகக் காலம் குறித்த வடமொழிக் கல்வெட்டு, சைலேந்திர அரச மரபின் குருமார் வேண்டியதற்கிணங்க மன்னர் பனங்கரன் தாராவுக்கு எழுப்பிய கோயில் என்கிறது. மட்டக்களப்புச் சிலையும் ஏறக்குறைய அதே நூற்றாண்டு. உள்ளே இப்போது பீடம் மட்டும்தான், சிலை இல்லை. பிற்காலத்தில் ராஜராஜ சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பிய ஸ்ரீவிஜய மன்னர்களும் சைலேந்திர மரபினர்தான்.

தாய்லாந்தில் திரை நட்சத்திரங்களைத் 'டாரா' என்பார்கள். அதுவும் இதே விண்மீன்.

ஆதிக்குரல்

நண்பர்களே, எல்லோரும் தனித்தனியாகச் சொல்கிறீர்கள், பெரிய உண்மையைப் பார்க்கவில்லை. இந்தியாவில் தாரா, திபெத்தில் தாரா, அயர்லாந்தில் தாரா, எஸ்தோனியாவில் தாரா, பைபிளில் ஆபிரகாமின் தந்தை தேராகு. இத்தனை இடங்களில் ஒரே ஒலி தற்செயலாக வருமா? உலகம் முழுவதும் ஒரே ஆதித்தாய் வழிபாடு இருந்திருக்கிறது, அது இங்கிருந்து போனது. இணையத்தில் நிறையக் கட்டுரைகள் இருக்கின்றன.

மீத்_வாசி

இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில் அந்தக் குன்றுக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன்.

அந்த இடத்தின் ஐரிஷ் பெயர் தாரா அன்று. 'டெவர்' என்பதுபோல ஒலிக்கும் வேறொரு சொல். அதன் வேற்றுமை உருபேற்ற வடிவம் ஆங்கிலேயர் வாயில் 'டாரா' ஆயிற்று. பழைய ஐரிஷ் நூல்கள் 'டேயா' என்ற அரசியின் மதில் என்று பொருள் சொல்கின்றன. இன்றைய அறிஞர்கள் புனித எல்லை என்றோ பரந்து பார்க்கத்தக்க மேடு என்றோ சொல்கிறார்கள். விண்மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒலி மட்டும் ஒத்துவந்திருக்கிறது.

போய்ப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். கோட்டை இல்லை, கோபுரம் இல்லை. பச்சைப் புல் மூடிய வட்ட வட்டமான கரைகளும் பள்ளங்களும், மேய்ந்துகொண்டிருக்கும் ஆடுகள், மேலே நின்றால் நாலாபுறமும் அகன்ற சமவெளி. நடுவே ஒரு நெடுங்கல். உரிமையுள்ள மன்னன் தொட்டால் அது முழங்கும் என்று நம்பினார்கள். பக்கத்தில் ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுப் பழைய கல்லறை மேடு. 1843 ஆகஸ்ட் 15 அன்று ஐரிஷ் மக்கள் தலைவர் டேனியல் ஓ'கானல் இங்கே கூட்டிய கூட்டத்துக்கு லட்சக்கணக்கில் மக்கள் வந்தார்கள். ஐரிஷ்காரர்களுக்கு இது வெறும் மேடு இல்லை.

இப்போது ஆதிக்குரலுக்கு. ஒலி ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று என்று நினைத்தவர்கள் இந்தக் குன்றுக்கே வந்திருக்கிறார்கள். ஆங்கிலேயர்களே இஸ்ரவேலின் தொலைந்துபோன கோத்திரம் என்று நம்பிய ஒரு கூட்டம். தாரா என்பது யூதர்களின் 'தோரா'வின் திரிபு என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. யூத இளவரசி ஒருத்தி இங்கே வந்தாள், மோசேயின் உடன்படிக்கைப் பெட்டி இங்கேதான் புதைந்திருக்கிறது என்று சொல்லி 1899 முதல் 1902 வரை மண்வெட்டியோடு தோண்டினார்கள். பெட்டி கிடைக்கவில்லை. பழைய கரைகளில் ஒன்று சிதைந்துபோனது. கவிஞர் யேட்ஸும் டக்ளஸ் ஹைடும் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். ஐரிஷ் விடுதலைப் போராளி மாட் கான் அங்கே தீ மூட்டிப் போராடினார். அந்த வடு இன்றும் தரையில் இருக்கிறது. ஒலியொற்றுமையை நம்புவதால் யாருக்கும் கேடில்லை என்று நினைப்பவர்கள் ஒருமுறை அதை வந்து பார்க்க வேண்டும்.

சொல்வேர்

மீத் வாசிக்கு நன்றி. எஸ்தோனியரின் 'தாரா' 13-ஆம் நூற்றாண்டு லத்தீன் குறிப்பில் 'தாராபிதா' என்று வரும் ஆண் தெய்வம். வடபுலத்து இடித்தெய்வம் தோரோடு சேர்த்துப் பேசுவார்கள். தேராகு எபிரேயப் பெயர், ஆண். இவற்றில் ஆதித்தாய் எங்கே வருகிறாள்? மொழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, வாயால் எழுப்பக்கூடிய எளிய ஈரசைகள் சில நூறுதான். மோதிக்கொள்ளாமல் இருந்தால்தான் வியப்பு.

ஆதிக்குரல்

மோதல் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? தொடர்பே இல்லை என்பதற்கும் சான்று வேண்டும்.

சொல்வேர்

பழைய வடிவங்களை வைத்துப் பார்ப்பதுதான் அந்தச் சான்று. ஐரிஷ் சொல்லின் பழைய வடிவத்தில் நடுவே மகரம் இருக்கிறது. வடமொழித் தாராவில் அது எந்தக் காலத்திலும் இல்லை. மறுபுறம், ஒலி சற்று விலகியிருந்தும் உறவு உறுதியான சொற்கள் இருக்கின்றன. சிதாராவும் ஸ்டாரும் அப்படித்தான்.

பாளைப்_பறவை

அந்த உறவில் எங்கள் பக்கத்துப் பெயர் ஒன்றைச் சேர்க்கலாம்: எஸ்தர். யூதப் பெண்ணாகப் பிறந்து பாரசீகப் பேரரசின் அரசியானவள். அவளுடைய எபிரேயப் பெயர் வேறு. எஸ்தர் என்பது விண்மீனைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து, இஷ்தார் என்ற பாபிலோனியத் தெய்வப் பெயரிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. முதல் கருத்து சரியானால் திருநெல்வேலிச் சீமையில் வீட்டுக்கு வீடு இருக்கும் எஸ்தர்களும் தாராவும் ஒரே பெயர்க்காரர்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

காயல்காற்று

எங்களில் தாரா என்று வைப்பது அரிது. சிதாரா உண்டு. அரபியில் நஜ்மா, குர்ஆனின் 53-ஆம் அத்தியாயத்தின் பெயரே 'அந்நஜ்ம்', விண்மீன். ஈரானிலும் குர்து மக்களிடையேயும் தாரா என்றே பெண்களுக்கு வைக்கிறார்கள்.

ஐந்நதி_நண்பன்

பஞ்சாபில் இது ஆண் பெயரும்கூட. அகாலி இயக்கத்தின் பெருந்தலைவர் மாஸ்டர் தாரா சிங்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தியிலும் பஞ்சாபியிலும் விண்மீன் ஆண்பால்.

வெலிங்டன்_வேலன்

நியூசிலாந்திலும் அப்படியே. வெலிங்டன் துறைமுகத்தின் மாவோரி பெயருக்கு 'தாராவின் பெருந்துறை' என்று பொருள். தாரா அவர்கள் முன்னோரில் ஒருவர், ஆண். அதே சொல் மாவோரியில் கடலோரம் பறக்கும் ஆலாப் பறவையையும் குறிக்கும். யாழ்ப்பாணத்தில் வாத்து, இங்கே ஆலா. இரண்டும் தண்ணீரை விட்டுப் பிரியாத பறவைகள்.

மீத்_வாசி

சகோதரிக்கு நடைமுறைச் செய்தி ஒன்று. பழைய அயர்லாந்தில் இது ஊர்ப்பெயர்தான். பெண் பெயராக வழங்குவது அண்மைக் காலத்தில். அமெரிக்காவில் பரவியதற்கு 1936-இல் வந்த ஒரு நாவலும் அதன் திரைப்படமும் காரணம்; அதில் அயர்லாந்திலிருந்து குடியேறிய ஒருவர் தன் பருத்திப் பண்ணைக்கு இந்தப் பெயரை வைப்பார். இன்று இங்கே பள்ளிகளில் டாராக்கள் உண்டு. யாரும் உங்கள் மகளிடம் பெயரை இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது நம் ஊர் வழக்கப்படி 'எச்' சேர்க்காதீர்கள். சேர்த்தால் இங்கே தடுமாறுவார்கள்.

வானவில்_மதுரை

படிக்கப் படிக்க மலைப்பாக இருக்கிறது. உண்மையான பொருள் எது என்று கேட்டேன். இப்போது அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். குன்று என் மகளின் பெயருக்குப் பொருள் இல்லை என்று புரிகிறது. ஆனால் பக்கத்து வீட்டு அம்மையார் அவளை அழைக்கும்போது அவர் மனத்தில் அந்தக் குன்று இருக்கும், அதை நான் தடுக்கப்போவதில்லை. எனக்கு, பெண்ணாகவே பிறப்பேன் என்ற அந்த இளவரசி.

நேற்று அத்தையிடம் தொலைபேசியில் பேசினேன். புதன் வரை முழுக்கதையையும் சொன்னேன். உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "பாண்டியர் குலத்துக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, வாலி மனைவி பற்றிக் கம்பர் என்ன எழுதியிருக்கிறார் என்று தானே படித்துப் பார்க்க வேண்டும் என்றார். அத்தை பழைய தமிழ் ஓரளவு படிப்பார். எந்த இடம் என்று ஆசிரியர் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

தமிழாசான்

மகிழ்ச்சி அம்மா. கிட்கிந்தா காண்டத்தில் இரண்டு இடங்கள். வாலி வதைப் படலத்தில் தாரை வாலியைத் தடுக்கும் பாடல்கள். பிறகு கிட்கிந்தைப் படலத்தில் இலக்குவனை எதிர்கொள்ளும் பகுதி. உரையோடு கூடிய பதிப்பாக வாங்கிக் கொடுங்கள். இரண்டையும் வரிசையாகப் படிக்கச் சொல்லுங்கள், இரண்டாவதை மட்டும் படித்தால் அவள் எச்சரித்தது தெரியாமல் போகும். சந்தேகம் வந்தால் இங்கேயே எழுதச் சொல்லுங்கள். அவர் கேட்டால் பாட்டுப் பாட்டாக விளக்கம் எழுதுகிறேன்.